மூன்று முறை கூப்பிடு

சரளைக் கல்லில் செருப்பு இழுபடும் சத்தம். முப்பது வருடத்துக்கு முன்பு ஒரு மத்தியானம், தகரக் கதவுக்கு வெளியே ஏகாம்பரம் அதைக் கேட்டார். ஊரெங்கும் விஷக்காய்ச்சல் பரவிய வருடம்.

"யாரு?" என்றார்.

பதில் இல்லை.

மூன்று முறை கேட்டார். பிறகு தாழ்ப்பாளில் வைத்த கையை எடுத்துக்கொண்டார்.

செருப்பு இழுபட்டபடியே தெருவோடு போனது. கதவுக்குக் கீழே தெரிந்த கால்களைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதில்லை.

*

"ஒரு குண்டுகூடக் குறி தப்பலை டீச்சர். இன்னும் ஏன் எனக்கு வாசலைத் தர மாட்டேங்கிறீங்க?"

கேட்ட ஏகாம்பரத்துக்கு இப்போது அறுபத்தொரு வயது. டீச்சருக்கு முப்பத்து நான்கு.

பல்கீஸ் ஒரு பழைய கல்குவாரியில் குறிபார்த்துச் சுடக் கற்றுக்கொடுத்தாள். செத்தவர்கள் ஜாம்பிகளாக எழுந்து வரும் நாளுக்கான பயிற்சி என்று விளம்பரம் செய்த பிறகுதான் ஆட்கள் சேர்ந்தார்கள். ஐம்பது மீட்டர் தள்ளி அட்டை ஜாம்பிகள் வரிசையாக நின்றன.

மற்றவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. ஏகாம்பரம் ஒருவர்தான் வீட்டில் ஆறு மாதத்துக்கு அரிசி வாங்கி வைத்திருந்தார்.

பயிற்சி முகாம் முடியும் நாளில் ஒருவருக்கு வாசல் காவல் பொறுப்பு சான்றிதழோடு கிடைக்கும். ஜாம்பிகள் வரும் நாளில் யார் உள்ளே வரலாம், யாரைச் சுட வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்வார். அந்த இடம்தான் ஏகாம்பரத்துக்கு வேண்டும்.

விதியையும் அவரே எழுதியிருந்தார், கரும்பலகையில், அழுத்தமான கையெழுத்தில்:

மூன்று முறை கூப்பிடு. பதில் சொல்லாமல் காலை இழுத்துக்கொண்டு வந்தால் சுடு.

பல்கீஸ் அதை அழிக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

"ஜாம்பி வந்தா முதல்ல உங்களைத்தான் சார் கடிக்கும்," என்றான் பல் மருத்துவன் தயாநிதி. "அந்த முட்டிய வச்சுக்கிட்டு எங்க ஓடுவீங்க?"

"நான் ஏன்யா ஓடுறேன்? வாசல்ல நிப்பேன். ஓடப்போறது நீதான்."

பல்கீஸ் சிரிக்கவில்லை.

"உயிரோட இருக்கிறவனை எப்படி சார் கண்டுபிடிப்பீங்க?"

"கூப்பிட்டா பேசுவான்."

"செத்தவன்?"

"பேச மாட்டான்."

"சரி. பத்துக் குண்டு சுடுங்க."

பத்தும் தலையில்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. சுட்டவர்தான் தன் அட்டையைப் போய் எடுத்துவர வேண்டும். துப்பாக்கிகளில் குண்டு இல்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து மேஜையில் வைத்துவிட்டு, பல்கீஸ் போகச் சொல்லிக் கை காட்டினாள். காதுக் கவசத்தைக் கழற்றப் போனவரை, அது இருக்கட்டும் என்று சைகையால் தடுத்தாள்.

ஏகாம்பரம் போனார். அட்டையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினார். எதிர்வெயிலில் கண் கூசியது. முட்டி வலித்தது. காதுக்குள் அவருடைய மூச்சு மட்டும்தான்.

வந்து பார்த்தபோது கரும்பலகையில், அவருடைய விதிக்குக் கீழே, மூன்று கோடுகள் இருந்தன.

தயாநிதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏகாம்பரம் கவசத்தைக் கழற்றினார். "என்ன டீச்சர் இது?"

"கூப்பிட்டேன்."

"எனக்குக் கேட்கலையே."

"ம்."

அவர் திரும்பி, வந்த வழியைப் பார்த்தார். சரளை மண்ணில் ஒரு பாதம் அடிக்கு அடி பதிந்திருந்தது. அதன் பக்கத்திலேயே ஐம்பது மீட்டருக்கும் ஒரு கோடு இழுபட்டு வந்திருந்தது.

பல்கீஸ் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

"வாசல் உங்களுக்குத்தான் சார்."

அவர் வாங்கவில்லை. அட்டையை இன்னும் மார்போடு பிடித்திருந்தார்.

"காதுல விழுந்தும் வாய் திறக்க முடியாதவனா இருந்தா?" என்றார். அவர் பேசியது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

பல்கீஸ் சாக்பீஸை அவர் கையில் வைத்தாள்.

*

ஏகாம்பரத்தின் தம்பி கனகசபை, அந்தக் காய்ச்சல் வருடத்தில், பேருந்து நிலையத்து பெஞ்சில் இறந்து கிடந்தான். தொண்டை வீங்கி, அதற்கு நான்கு நாள் முன்பே அவனுக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது.