கதவு வளையம்

“வீடு இன்னும் முடியலம்மா.”

மடத்தம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கட்டி எத்தன வருசமாச்சு அண்ணாச்சி?”

“ஒம்பது.”

“கோயில் கோபுரமே முடிஞ்சிருக்குமே.”

உலகநாதன் சிரிக்கவில்லை. அவருக்கு வயது அறுபத்திரண்டு. மடத்தம்மாவுக்கு நாற்பதுகூட இருக்காது. தாமிரபரணிக் கரையில் ஓடு வேய்ந்த ஒரு சின்ன மடம் அவளுடையது. ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாம் யோசனை கேட்க அங்கே போய்ச் சம்மணம் போட்டுத் தரையில் உட்காருவார்கள். அவள் அவர்களை அண்ணாச்சி என்பாள், அவர்கள் அவளை அம்மா என்பார்கள். யாருக்கும் அது விசித்திரமாகத் தோன்றியதில்லை.

மடியிலிருந்த துணிப்பொட்டலத்தை உலகநாதன் பிரித்தார். உள்ளே ஒரு பித்தளை வளையம். சிங்கமுகம் ஒன்று அதை வாயில் கவ்விக்கொண்டிருந்தது.

“கதவு வளையம்மா. திருநெல்வேலில, இடிச்ச வீட்டுச் சாமான் விக்கிற கடையில கிடைச்சுது. எங்க பழைய வீட்டு வாசக்கதவுல அச்சு அசலா இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு. சின்னதுல என் தங்கச்சி பிரமு அதப் பிடிச்சுத் தொங்குவா. அப்பா சத்தம் போடுவாங்க.”

“சரி.”

“இத மாட்டிட்டா முடிஞ்சிரும்னு நினைக்கேன்.”

“போன மாசமும் அதத்தான் சொன்னீங்க. அப்ப என்ன? அலமாரிக்குப் பீங்கான் குமிழ்.”

அவள் சொன்னது நிஜம். அதற்கு முந்தின மாதம் ஊஞ்சல் கொக்கி. அதற்கும் முன்னால், கான்கிரீட் சுவரைக் குடைந்து ஒரு விளக்குமாடம். அதைக் குடைந்த கொத்தனார், இந்த மனுசருக்கு என்ன ஆச்சு என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஒவ்வொரு சாமான் வாங்கியதும் உலகநாதன் மடத்துக்குக் கொண்டுவந்து காட்டுவார். மடத்தம்மா வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

இப்போதும் கேட்டாள்.

“இத பிரமு பாத்தாளா?”

“வீடு முடியட்டும்மா. முடிஞ்சதும் கூப்பிடுவேன்.”

மடத்தம்மா அடுத்த கடலையை எடுத்தாள்.

உலகநாதனும் பிரமநாயகியும் பிறந்தது ஒரு பழைய ஓட்டு வீட்டில். மனைவி காலமான மறுவருடம் உலகநாதன் அதை இடித்தார். ஒழுகுது, கரையான், பாம்பு வருது என்று காரணங்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அதே மனையில் புது வீடு எழும்பியது. வழவழவென்று தரை, வெள்ளை வெளேரென்று சுவர்.

கிரகப்பிரவேசத்துக்குக் கடையநல்லூரிலிருந்து பிரமு வந்தாள். வந்தவள் வீட்டுக்குள் வரவில்லை. அன்றைக்குப் போனவள்தான்.

“கேட்டு வரைக்கும் வந்தா. கையில சீர்த் தாம்பாளம். வீட்ட ஒரு பார்வ பாத்தா. தாம்பாளத்தக் காம்பவுண்டுச் சுவர்ல வச்சா. திரும்பிப் போயிட்டா” என்றார் உலகநாதன். இதை அவர் மடத்தம்மாவிடம் நூறு தடவை சொல்லியிருப்பார்.

“அப்ப நீங்க எங்க நின்னீங்க?”

“நானா? வாசல்லதான் எங்கயோ நின்னேன். விசேச வீடு, ஆயிரம் சோலி.”

“ம்.”

“வீட்டுக்கு அவள இழுக்கிற முகம் இல்லம்மா. அவளுக்குத் தெரிஞ்ச பொருள் ஒண்ணுகூட அன்னைக்கு இல்ல. சிமெண்டு வாடை. அவ எப்பிடி வருவா?”

அப்படித்தான் அவர் தேட ஆரம்பித்தார். எங்கே பழைய வீடு இடித்தாலும் போய் நின்றார். ஒன்று கிடைக்கும், அதை மாட்டுவார். பிறகு அதன் பக்கத்துச் சுவர் மொட்டையாகத் தெரியும்.

எல்லாவற்றிலும் அவருக்கு உயிரானது ஒரு சிவப்புக் கண்ணாடி. உள்ளங்கையை விரித்தால் மறைந்துவிடும், அவ்வளவுதான். பழைய வீட்டுக் கூடத்துச் சன்னலில் அந்த மாதிரி ஒன்று இருந்தது. காலை பத்து மணிக்கு அது வழியாக வெயில் இறங்கித் தரையில் சிவப்பாக விழும். ஆறு வயதுப் பிரமு அதில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, “அண்ணே, பாரு, மருதாணி வச்சிட்டேன்” என்பாள்.

புது வீட்டு அலுமினிய சன்னலில் ஒரு சதுரத்தை அறுத்து அந்தக் கண்ணாடியைப் பதித்திருந்தார். தினமும் பத்து மணிக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவார். சிவப்பு வரும், தரையில் கொஞ்சம் நகரும், போய்விடும். அந்த அரைமணி நேரமும் அவருக்குத் தங்கச்சி ஞாபகம்தான். எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பார்.

“ஆவணி பொறந்ததும் மகன் கூட நாக்பூருக்குப் போறாளாம்” என்றார் இப்போது. குரல் இறங்கிவிட்டது. “வீட்டையே காலி பண்ணிட்டுப் போறா. இனிமே இந்தப் பக்கம் எங்க வரப்போறா? இன்னும் இருபது நாள்தான் இருக்கு. அதுக்குள்ள வீட்ட முடிக்கணும். நீங்க ஒரு தடவ வந்து பாத்து, என்ன குறையுதுன்னு சொல்லுங்கம்மா.”

மடத்தம்மா கைகளைத் தட்டித் தோலை உதறினாள்.

“வெள்ளிக்கிழமை காலையில வாரேன்.”

வெள்ளிக்கிழமை உலகநாதன் விடியும்போதே எழுந்துவிட்டார். வளையத்தைப் புளி போட்டுத் தேய்த்தார். வாசற்கதவில் முந்தின நாளே துளை போட்டு வைத்திருந்தார். பத்து மணி வாக்கில் கடைசித் திருகாணியை முடுக்கியபோது பின்னால் நிழல் விழுந்தது.

மடத்தம்மா படியேறி நின்றாள்.

“பாத்தீங்களா, மாட்டியாச்சு!” என்றார் அவர். வளையத்தை இரண்டு தட்டுத் தட்டினார். “சத்தத்தக் கேளுங்க. பழைய கதவு மாதிரியே இல்ல?”

“நல்லா இருக்கு.”

“இதுக்கே இப்பிடின்னா! இந்தா, இந்த விளக்குமாடத்தப் பாருங்க. கொத்தன் முடியவே முடியாதுன்னுட்டான்.”

பேசிக்கொண்டே அவர் உள்ளே போனார். கொக்கியைக் காட்டினார். அலமாரிக் குமிழைத் திருகிக் காட்டினார். அது எந்த ஊர், எந்தக் கடை, எத்தனை தடவை அலைந்தார் என்று ஒன்று விடாமல் சொன்னார். கூடத்துக்கு வந்தார். சிவப்பு சரியாகத் தரையில் விழுந்திருந்தது.

“இதத்தாம்மா உங்ககிட்டக் காட்டணும்னு…”

திரும்பினார். பின்னால் யாரும் இல்லை.

வாசலுக்கு ஓடினார். மடத்தம்மா நிலைப்படிக்கு வெளியே அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். தலையில் வெயில். நெற்றி வேர்த்திருந்தது.

“என்னம்மா இது, அங்கயே நிக்கீங்க? வெயில்ல!”

“நீங்க இன்னும் வாங்கன்னு சொல்லலையே அண்ணாச்சி.”

உலகநாதன் குனிந்து படியைப் பார்த்தார்.

கிரகப்பிரவேசத்தன்றும் இதே படி. கையில் பன்னீர்ச் செம்பு. வந்தவர்களுக்கெல்லாம் தொண்டை கட்டும்வரை வாங்க, வாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். பால்காரருக்குச் சொன்னார். பேர் தெரியாதவர்களுக்கும் சொன்னார். பிறகு கேட்டில் பிரமு தெரிந்தாள். வீட்டை இடிக்காதே என்று சொந்தக்காரர்கள் முன்னால் அழுது அவரைத் தலைகுனிய வைத்தவள். அவர் அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அவள் வீட்டைப் பார்க்கவே இல்லை, அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். இவளுக்குத் தனியாச் சொல்லணுமாக்கும், வேணும்னா வரட்டும் என்று நினைத்து, அவர் சமையல்காரர் பக்கம் திரும்பிச் சாம்பாரைப் பற்றி விசாரித்தார். சாம்பாரில் ஒரு குறையும் இல்லை.

திரும்பிப் பார்த்தபோது சுவர்மேல் தாம்பாளம் மட்டும் இருந்தது.

ஒன்பது வருடம்.

உலகநாதன் கதவு வளையத்தைப் பிடித்துக்கொண்டார். பிடித்த வேகத்தில் அது ஒரு தட்டுத் தட்டியது.

மடத்தம்மா காத்திருந்தாள்.

“வாம்மா” என்றார். குரல் உடைந்துவிட்டது.

அவள் அசையவில்லை.

“வா” என்றார் மறுபடியும். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை.

“எனக்குக் கேட்டுச்சு அண்ணாச்சி” என்றாள் மடத்தம்மா. “கடையநல்லூருக்குக் கேக்கல.”

உலகநாதன் செருப்பைத் தேடினார்.