மெதுவான பாகம்

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நெருங்கிய ரிச்சி தெருவுக்குப் பின்னால், வெயில் தரையைத் தொடாத ஒரு சந்து. அதில் ஓர் இரும்புப் படி ஏறினால் மெஹருன்னிசாவின் அறை. பழைய பாகங்களை வாங்கி, சோதித்து, கையில் காசு குறைந்தவர்களுக்கு விளையாட்டுக் கம்ப்யூட்டர் கோர்த்துக் கொடுப்பது அவள் வேலை. முப்பதைத் தாண்டிய வயது. தெருவில் அவளை டீச்சர் என்றார்கள். ஆனால் அவள் யாருக்கும் லேசில் கற்றுக்கொடுத்ததில்லை.

தணிகாசலத்துக்குக் கற்றுக்கொடுத்தாள். அவர் பள்ளி வேன் ஓட்டுபவர், அவளுடைய தகப்பன் வயது. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மறுபடி ஏற்றும் வரை அவள் மேஜையருகில் நின்று கற்றார். கோர்க்கக் கூலி கொடுக்க முடியாதவர் தானே கோர்க்க வேண்டும். அப்படித்தான் அது ஆரம்பித்தது.

அவர் மகன் குகனுக்குப் பத்தொன்பது வயது. தசைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோகும் நோய். முதலில் கால்கள் போயின. பிறகு முதுகு. மீதியிருந்த விரல்களால் அவன் விளையாடினான். திரைக்குள் ஓடினான், சுவர் ஏறிக் குதித்தான், சுட்டான். அவனோடு ஒரே அணியில் ஆடியவர்கள் வெவ்வேறு ஊர்க்காரர்கள். அவனை யாரும் நேரில் பார்த்ததில்லை.

முதல் நாள் தணிகாசலம் கேட்டார்.

"எதை மாத்தினா வேகமா ஓடும்மா?"

"எது மெதுவா இருக்கோ, அதை."

"எது மெதுவா இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"மத்ததெல்லாம் எதுக்காகக் காத்துக்கிட்டு நிக்குதுன்னு பாருங்க ஐயா."

அதற்குமேல் அவள் பாடம் எதுவும் சொல்லவில்லை. அவர் பார்த்தார். மெமரிக்காக மற்றவை காத்திருந்தன, மெமரியை மாற்றினார். பிறகு ஹார்ட் டிஸ்க். ஒரு வருஷம் கழித்து கிராபிக்ஸ் கார்டு. எல்லாம் யாரோ பயன்படுத்திக் கழித்தவை. அந்த அறைக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பாகத்தை எடுத்தால், கழற்றியதை அங்கே வைத்துவிட வேண்டும். விலையில் அது கழியும்.

ஒவ்வொரு முறையும் குகன் கொஞ்ச நாள் சிரித்தான். பிறகு, "திணறுதுப்பா" என்பான். அவர் மறுபடி படியேறுவார்.

ஒரு நாள் அவர் எல்லாவற்றையும் கொண்டுவந்தார். பெட்டி, திரை, கீபோர்டு, மவுஸ். வேனின் முன்சீட்டில் பெட்டியை உட்காரவைத்து, பெல்ட் போட்டுக் கூட்டி வந்திருந்தார். கீழ்க்கடை ஜாபர் ஒரு கை பிடித்தார்.

"என்ன மாமா, இன்னும் பாஸாகலையா? என் பையனே காலேஜ் முடிச்சிட்டான்."

"உன் பையன் பிட் அடிச்சிருப்பான்" என்றார் தணிகாசலம்.

மேலே வந்ததும் அவர் முகம் மாறியது.

"குகனை டீமை விட்டு எடுத்துட்டாங்கம்மா. கம்ப்யூட்டரைச் சரி பண்ணிட்டு வான்னு சொல்லிட்டாங்களாம். ஞாயித்துக்கிழமை போட்டி. அதுக்குள்ள ஆகலைன்னா வேற ஆளைச் சேத்துக்குவாங்க. அவனுக்குப் பேச வேற யாரும் இல்ல."

"கம்ப்யூட்டர்தான் காரணம்னு அவங்களுக்கு யார் சொன்னது?"

"இவன்தான்."

மெஹருன்னிசா இணைப்புகளைக் கொடுத்து விளையாட்டை ஓடவிட்டாள். மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. திரையில் மழை பெய்தது. ஒரு துளிகூடத் தயங்கவில்லை.

"என்ன மாத்தலாம்?" என்றார் அவர்.

"நீங்களே சொல்லுங்க. எது எதுக்காகக் காத்துக்கிட்டிருக்கு?"

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஓரத்தில் ஓடிய எண்களைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மெமரி பாதி காலியா இருக்கு. கார்டு சும்மா இருக்கு. பிராசஸர் சூடாகவே இல்ல." அவர் நிமிர்ந்தார். "எல்லாமே காத்துக்கிட்டுதாம்மா இருக்கு."

"ஆமா."

"எதுக்காக?"

அவள் மவுஸை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இடது பொத்தான் விரல் பட்டுப் பட்டுப் பளபளத்தது. நடுவிலிருந்த சிறு சக்கரத்தின் பல்லிடுக்குகளில் தூசி படிந்திருந்தது. கட்டைவிரலால் அதை ஒரு முறை உருட்டினாள். விரலைக் காட்டினாள். கறுப்பாக இருந்தது.

"துடைக்க மறந்துட்டேன்" என்றார். பெட்டிக்குள் ஒரு மயிரிழைகூட இல்லாமல் துடைத்துவைத்திருந்தவர்.

"துடைக்கிறது இருக்கட்டும். பாருங்க."

அவர் பார்த்தார். துப்பாக்கியை மாற்ற அந்தச் சக்கரத்தைத்தான் உருட்ட வேண்டும். மகன் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருந்தான். உருட்டாமல் ஒரு ஆட்டம்கூட ஆட முடியாது.

கீழே யாரோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

"காலையில நான்தான் அவன் கையை எடுத்து இதுமேல வைக்கிறேன்" என்றார். "சுட்டுவிரலை இந்தப் பக்கம். நடுவிரலை அந்தப் பக்கம். ஒவ்வொண்ணா நானே வைக்கிறேன். கொஞ்சம் குளிர்ந்திருக்கும். தேய்ச்சுவிட்டு வைப்பேன்."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

அவர் மவுஸை வாங்கிச் சட்டை நுனியால் சக்கரத்தைத் துடைத்தார்.

"அவனுக்கும் தெரியும்" என்றாள்.

"பின்ன ஏம்மா என்கிட்ட மெஷின்னு சொல்றான்?"

"மெஷின்னு சொன்னா நீங்க இங்க வர்றீங்க. ஏதாவது ஒண்ணைக் கையில எடுத்துட்டு வீட்டுக்குப் போறீங்க. கைன்னு சொல்லியிருந்தா எங்க போயிருப்பீங்க?"

தணிகாசலம் ஸ்டூலில் உட்கார்ந்தார். மகனுக்கு வைப்பதுபோலவே தன் இரண்டு கைகளையும் எடுத்து முழங்கால்மேல் வைத்தார்.

"அப்ப இனிமே மாத்த ஒண்ணும் இல்ல."

"இதுல இல்ல."

அவள் மேஜைக்கடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்தாள். மேலே தணிகாசலம் என்று எழுதியிருந்தது. உள்ளே அவர் கழற்றிக் கொடுத்த மெமரி, ஹார்ட் டிஸ்க், கார்டு எல்லாம் காகிதம் சுற்றி இருந்தன.

"இதையெல்லாம் விக்கலையா?"

"இதையெல்லாம் யாரு வாங்குவா?"

"விலையில கழிச்சியேம்மா."

"கழிச்சேன்." அலமாரியிலிருந்து பழைய மதர்போர்டும் ஒரு காலிப் பெட்டியும் கீறல் விழுந்த ஒரு திரையும் எடுத்துவைத்தாள். "கோருங்க."

அவர் கோர்த்தார். கைக்கு வேலை தெரிந்திருந்தது. எந்த ஸ்க்ரூ எந்தத் துளைக்கு என்று தேடவில்லை. அவர் விரல்கள் அத்தனை சுறுசுறுப்பாக ஓடுவதை அவரே ஒரு கணம் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

அது முனகிக்கொண்டு உயிர் பெற்றது.

"யாருக்கும்மா இது?"

"உங்களுக்கு. அவன் மேஜைக்குப் பக்கத்துல போடுங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கேபிள். வெளி ஆள் வேண்டாம். ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு பேரும் ஆடுங்க."

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நான் ஜெயிச்சிடுவேம்மா. இப்ப ஆடத் தெரியாது. ஆனா கை இருக்கு. இந்த ஓட்டை மெஷின்லயும் பொங்கலுக்குள்ள நான் அவனை ஜெயிச்சிடுவேன். விட்டுக்கொடுத்தா கண்டுபிடிச்சிடுவான். என் முகத்தைப் பாத்தே கண்டுபிடிப்பான்."

மெஹருன்னிசா மெஷினை அணைத்து மறுபடி போட்டாள். விளையாட்டு வருவதற்கு முன், மெஷினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நீலத் திரையில் நிறுத்தினாள். வேகத்தை ஏற்றுவதற்காக ஒரு தடவை அவரை அங்கே அழைத்துப்போயிருந்தாள். இப்போது கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினாள். எண் இறங்கியது. இன்னும் அழுத்தினாள். விளையாட்டு வந்தபோது அதன் மழை துளித்துளியாக, யோசித்து யோசித்து விழுந்தது.

"ஏத்தத்தானே இங்க வந்தோம்" என்றார்.

"இறக்குறதும் இதே இடத்துலதான்."

"எது வரைக்கும் இறக்கலாம்?"

"அவன் எங்க இருக்கானோ, அது வரைக்கும்."

"அவன் இன்னும் கீழ போயிட்டே இருப்பானேம்மா."

அவள் கேபிளைச் சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு, பெட்டிமேல் வைத்தாள். பள்ளி விடும் நேரமாகிவிட்டது. அவர் எழுந்து, தான் கோர்த்த பெட்டியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டார். படிவரை போய் நின்றார்.

"ஏன்ப்பா திரையில உன் ஆளு இவ்வளவு மெதுவா நகர்றான்னு அவன் கேப்பான். என்ன சொல்லட்டும்?"

"மெஷின் திணறுதுன்னு சொல்லுங்க ஐயா."