துணியின் வால்

உடைந்தது எது என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். சிங்காநல்லூரில் திருமூர்த்தி வீட்டுப் பின்புறத் தகர ஷெட்டில், இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் காரின் டர்போ உடைந்தது. விஜயதசமி காலையில், முதன்முதலாக முடுக்கிய சில நொடிகளில். யார் கையால் உடைந்தது என்பதில்தான் சிக்கல்.

டர்போ என்பது ஒரு விசிறி. இன்ஜின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் சுழன்று, காற்றை அழுத்தி இன்ஜினுக்கே திரும்ப ஊட்டும். பம்ப் கம்பெனியில் ஒன்றாக வேலை பார்க்கும் திருமூர்த்தியும் சைமனும் அதற்காக ஆறு வருட ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்திருந்தார்கள். முதல் இன்ஜின் சூடு தாங்காமல் பிஸ்டன் உருகிப் போயிற்று. இரண்டாவது, அழுத்தம் தாங்காமல் வெடித்தது. இது மூன்றாவது.

முதல் இன்ஜின் போனபோது இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டு, மாதக்கணக்கில் பேசாமல் இருந்தார்கள். சமாதானமானபோது ஷெட்டுக்கு இரண்டு விதிகள் வந்தன. திறந்திருக்கும் எந்த ஓட்டையையும் துணியால் அடைத்து, துணியின் வாலை வெளியே தொங்கவிட வேண்டும். மூடுகிறவர் மூடுமுன் உள்ளே விரல் விட்டுப் பார்க்க வேண்டும். இது ஒன்று. ஏதாவது உடைந்தால் யார் கையால் உடைந்ததோ, அவரே மறுபடி கட்ட வேண்டும். கட்டுவதா வேண்டாமா என்று சொல்லும் உரிமையும் அவருடையதே. இது மற்றொன்று.

மூன்றாவது இன்ஜினின் பாதியிலேயே திருமூர்த்திக்கு எல்லாம் அலுத்துவிட்டது. ஞாயிறு விடிந்தாலே தோள் கனத்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மனைவியிடம் "போதும் வசு," என்றார்.

"அதை என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? சைமன்கிட்டச் சொல்லுங்க," என்றாள் வசுமதி.

சொல்ல வாய் வரவில்லை. பந்தயத் திடலில் முதல் சுற்றை நீதான் ஓட்ட வேண்டும் என்று அவனிடம் சொல்லிவைத்திருந்தார். அவனும் அதை நம்பி, கல்யாணப் பேச்சை எடுத்தவர்களிடமெல்லாம் காரைக் காட்டிக்கொண்டிருந்தான்.

காற்றுக் குழாயை மாட்டும் வேலை மட்டும் மிச்சமிருந்தபோது ஆயுதபூஜை வந்தது. அன்று ஸ்பேனரைத் தொடக்கூடாது. எனவே முந்தின நாள் மாலையே சைமன் டர்போவின் வாயைத் துணியால் அடைத்து, வாலை வெளியே விட்டுப் போனான். பூஜையன்று, திருமூர்த்தி பொரி வாங்கப் போயிருந்த நேரத்தில், வசுமதி ஷெட்டைக் கழுவினாள். ஸ்பேனர்களுக்கும் பானெட்டுக்கும் சக்கரங்களுக்கும் சந்தனம் குழைத்து வைத்தாள். சாமி படத்துக்கு எதிரே எண்ணெய்த் துணி ஒன்று நாக்கைத் தொங்கப் போட்டதுபோல இருந்தது. சந்தனக் கையாலேயே அதை உள்ளே தள்ளினாள். திருமூர்த்தி வந்ததும் அவர் நெற்றிக்கும் கையைக் கொண்டுபோனாள். அவர் வழக்கம்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துணியைப் பற்றிச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை குளித்ததும் திருமூர்த்தி நேராக ஷெட்டுக்குப் போனார். பானெட்டில் சந்தனம் காய்ந்து வெடித்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. குழாயை மாட்டி, போல்ட்டுகளை இறுக்கினார். கையைக் கழுவுவதற்குள் சைமன் வந்துவிட்டான்.

"பொட்டு வெச்சதுல பத்து குதிரை சக்தி கூடியிருக்கும் அண்ணி!"

"குதிரை கிடக்கட்டும். ஞாயித்துக்கிழமை ஒரு மனுசன் வீட்ல இருந்தாப் போதும் எனக்கு."

சைமன் சிரித்துக்கொண்டே கேட்டான்: "விரல் விட்டுப் பாத்தாச்சுங்களாண்ணா?"

திருமூர்த்தி தலையாட்டினார். சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஒரே திருப்பலில் பிடித்தது. சைமன் கையைத் தட்டினான். அவர் ஆக்ஸிலரேட்டரை அழுத்த, இரும்பை யாரோ கடிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. சைமன் குழாயைக் கழற்றிப் பார்த்தபோது, விசிறியின் அச்சில் துணி இறுகச் சுற்றியிருந்தது. உடைந்த இதழ்களின் துணுக்குகள் இன்ஜினுக்குள் போயிருந்தன.

திருமூர்த்தி புறங்கையால் துடைக்க வேண்டிய வேர்வையை விரலால் துடைத்தார். நெற்றியில் பிசுபிசுவென்று எண்ணெய் கலந்த சந்தனக் கீற்று ஒன்று விழுந்தது. வசுமதி அதைப் பார்த்தாள். முந்தானையால் அழுத்தித் துடைத்துவிட்டு, சைமன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, அந்த வாலை உள்ள தள்ளுனது நான். என் கைதான். விதிப்படி இனி நாந்தான சொல்லோணும்? சொல்றேன், கட்ட வேண்டாம்."

"அதெப்படிங்க அண்ணி? அடைச்சவன் நான். வாலை இன்னும் நீளமா விட்டிருந்தா உங்களுக்குத் தள்ளவே தோணியிருக்காது. இது என் கை. நானே கட்டறேன். அண்ணா சும்மா உக்காந்து பாத்தாப் போதும்."

"அப்ப மூடுனவருக்குப் பங்கு இல்லையா?" என்று அவள் கேட்கவில்லை. சைமனே சொன்னான்: "அண்ணா மறந்துட்டாரு. அலுப்புல யாரா இருந்தாலும் தலையாட்டிருவாங்க."

திருமூர்த்தி ஆள்காட்டி விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு நின்றார்.

அடைத்தவன் ஒருவன். உள்ளே தள்ளியவள் ஒருத்தி. மூடிச் சாவியைத் திருப்பியவர் ஒருவர். இன்ஜின் யார் கையால் உடைந்தது? மறுபடி கட்டுவதா என்று சொல்ல வேண்டியவர் யார்?

விடை: திருமூர்த்தி. சைமன் நினைத்ததுபோல அவர் மறக்கவில்லை, தலையாட்டியதும் பொய்யில்லை. வெளியே இருந்த சந்தனமெல்லாம் காய்ந்துவிட்டிருந்தது. விரலில் ஈரமாக, எண்ணெயோடு ஒட்டிய சந்தனம் டர்போவின் வாய்க்குள் இருந்த துணியிலிருந்துதான் வந்திருக்க முடியும். அவர் விரல் விட்டார், துணியைத் தொட்டார், விரலை எடுத்துவிட்டுக் குழாயை மாட்டினார். மற்ற இருவர் செய்தது பிழை. அவர் செய்தது பிழையில்லை, தெரிந்தே செய்தது. வசுமதி அவர் நெற்றியிலிருந்து துடைத்தது அந்தத் தடயத்தைத்தான். 'போதும்' என்ற ஒரு சொல்லைச் சொல்ல முடியாமல் உடைத்தவரிடம், விதி இப்போது அதே சொல்லைத்தான் கேட்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைமன் புது விசிறியோடு வந்து ஷெட் கதவைத் தட்டினான். திருமூர்த்தி எழுந்து போய்த் திறந்துவிட்டார்.