போறேன் என்று சொல்லக்கூடாது

ராஜா காலத்தில் ஏது கம்ப்யூட்டர் என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். வல்லபமாறன் ஆண்ட மருதங்கோட்டையில் இருந்தது. அவருடைய கலாசாலைப் பிள்ளைகளும் கடல் தாண்டிய பனிநாட்டுப் பிள்ளைகளும் திரையில் முகம் பார்த்து ஒன்றாகப் படித்தார்கள். இவர்கள் பேச்சை அவர்களுக்கும், அவர்கள் பேச்சை இவர்களுக்கும் ஒரு கருவி வார்த்தைக்கு வார்த்தை மாற்றிச் சொல்லும்.

இதெல்லாம் அவைப்புலவன் சாத்தப்பனின் யோசனை. மந்திரி வில்லவராயருக்கோ எரிச்சல். அந்த வகுப்புக் கூடத்தை அவர் தன் மைத்துனனுக்குக் கேட்டிருந்தார்.

ஒருநாள் சபைத் திரையில் பனிநாட்டு ஆசிரியை ஐனா தோன்றினாள். முகம் உர்ரென்றிருந்தது.

"உங்கள் பிள்ளைகள் வாக்குத் தவறியவர்கள். நேற்று வகுப்பு முடிந்ததும் 'போயிட்டு வர்றோம்' என்றார்கள். என் பிள்ளைகள் சாப்பிடக்கூடப் போகாமல் காத்திருந்தார்கள். ஒருவரும் வரவில்லை. இனி உங்களோடு படிக்க மாட்டோம்."

ராஜாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"மானம் போச்சு மகாராஜா," என்றார் வில்லவராயர். "வகுப்பை மூடுங்கள். ஆரம்பித்தவனையும் அனுப்பிவிடுங்கள்."

சாத்தப்பன் ஆசை ஆசையாய் வளர்த்த வகுப்பாயிற்றே. விளக்கம் சொல்ல வாயெடுத்தான்.

"சாக்குச் சொல்லாதே," என்று ராஜா கையமர்த்தினார். "வகுப்பும் கிடையாது, உனக்கு வேலையும் கிடையாது. கிளம்பு."

சாத்தப்பன் ஓரக்கண்ணால் திரையைப் பார்த்தான். ஐனா இன்னும் இருந்தாள். பவ்யமாகக் கும்பிட்டான்.

"சரி மகாராஜா. போறேன்."

சபையே திடுக்கிட்டது. மகாராணி காதைப் பொத்திக்கொண்டார்.

"அடப்பாவி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா இதென்ன பேச்சு?" ராஜா பதறினார். "போயிட்டு வர்றேன்னு சொல்லு."

"சொன்னால் வரவேண்டியிருக்குமே மகாராஜா. வராவிட்டால் நானும் பொய்யனாகிவிடுவேன்."

"உன்னை யாருடா வரச் சொன்னது? உறவு விட்டுப்போகக் கூடாதென்று ஒரு பிரியத்துக்குச் சொல்வதுதானே அது?"

சொல்லி முடித்ததும் ராஜா நாக்கைக் கடித்துக்கொண்டார். கருவி அதையும் விடாமல் மாற்றிச் சொல்லிவிட்டது. ஐனாவின் முகம் மலர்ந்தது.

"எங்கள் மேல் அவ்வளவு பிரியமா? கேட்காமலே கோபித்துக்கொண்டோமே. நாளை வகுப்பில் முதல் பாடம், யார் யார் எப்படி விடைபெறுவது என்பதுதான். இப்போது நான் போயிட்டு வர்றேன்."

திரை அணைந்தது. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பன் கழுத்தில் போட்டார். நல்ல சமயம் பார்த்து வில்லவராயர் மெல்ல நழுவினார்.

"அப்போ நானும் போயிட்டு…"

"வில்லவராயரே," என்றார் ராஜா சிரித்துக்கொண்டே, "நீர் 'போறேன்' என்றே சொல்லலாம்."