மிளகாய்க்குப் பட்டினி

பட்டினி போட்டால் எந்தச் செடியாவது கொழுக்குமா, சொல்லுங்கள் பார்ப்போம்?

கொழுக்கும் என்று அடம்பிடித்தார் பண்ணையார் சிங்கமுத்து. பறிப்புக்கு முன்னால் தண்ணீர் விடாமல் வாட்டினால் மிளகாய் காய்த்துத் தள்ளுமாம். யாரோ சொன்னார்களாம்! உடனே மடையை அடைத்துவிட்டார். செடியெல்லாம் தலை தொங்கிப்போனது. சமையல்காரி பவளக்கொடி வயலுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவளுக்குக் கூலியே பறிப்பில் ஒரு பங்கு மிளகாய்தான்.

மறுநாள் மத்தியானம் பண்ணையாருக்கு வெறும் இலையைப் போட்டுவிட்டு நின்றாள்.

“சோறு எங்க புள்ள?”

“சாயங்காலம் திருவிழாவுல சிலம்பம் சுத்தப் போறீங்களே ஐயா! முன்கூட்டி வாட்டினா கைவீச்சு கூடுமேன்னு பார்த்தேன்.”

“அடியே, பசியில கண்ணு இருட்டுது!”

“அப்ப பதம் வந்திருச்சுங்க. இன்னும் ஒரு வேளை வாட்டினா காய்ச்சுத் தள்ளுவீங்க.”

பண்ணையாருக்கு அசட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி தாயி, இப்ப என்ன செய்யணும்?”

“சோறு ஆறுறதுக்குள்ள மடையைத் திறக்கச் சொல்லுங்க ஐயா.”