குளவி உட்கார்ந்த கைப்பிடி

அந்தக் காலத்தில் குளவி பேசும், ஆடு பேசும், புழுகூடப் பேசும். போர் விமானம் மட்டும் பேசாது. அது போடுகிற இரைச்சலுக்குப் பேச்சு வேறு வேண்டுமா என்ன!

அப்போதெல்லாம் விமானியின் இருக்கை கல்யாண மாப்பிள்ளை நாற்காலி மாதிரி இருக்கும். கிளிப்பச்சை வெல்வெட்டு, உள்ளே இலவம்பஞ்சு, ஓரமெல்லாம் பட்டுக் குஞ்சம். தைப்பவர் மயிலேறும்பெருமாள். விமானியின் முழங்கால்களுக்கு நடுவே ஒரு கைப்பிடி உண்டு. ஆபத்து வந்தால் அதை இழுக்க வேண்டும். இருக்கை ஆளோடு வெளியே பாயும், மேலே பெரிய குடை விரியும். அந்தக் கைப்பிடி துருத்திக்கொண்டு அசிங்கமாகத் தெரிகிறதே என்று மயிலேறும்பெருமாளுக்கு ஒரே உறுத்தல். அதற்கும் அதே பச்சை வெல்வெட்டில் உறை தைத்து மாட்டிவிட்டார். அழகுதான், யார் இல்லை என்றார்கள்?

அந்த இருக்கையின் அடியில் ஒரு மண்குளவி கூடு கட்டியிருந்தாள். பாவம், போகிற இடமெல்லாம் அவளுக்குத் துடைப்பக்கட்டைதான். மஞ்சளும் கறுப்புமாய் அவளைக் கண்டதுமே ஆட்கள் அலறுவார்கள். "நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்பதற்குள் அடி விழும். யாரும் குனிந்து பார்க்காத இடம் என்று நம்பித்தான் இங்கே வந்தாள்.

மயிலேறும்பெருமாள் குனிந்து பார்த்துவிட்டார். "எம் வெல்வெட்டுக்கு அடியில மண்ணப் பூசி வச்சிருக்கியே, மூதேவி!" என்று கத்தரிக்கோலை ஓங்கினார்.

"விடும் அண்ணாச்சி," என்று தடுத்தான் விமானி நிறைகுளத்தான். "குளவி கூடு கட்டுனா நல்லதும்பாவ. அவ பாட்டுக்கு இருக்கட்டும்."

"கொட்டுனா எங்கிட்ட வரப்படாது, பாத்துக்கோ."

"கொட்ட மாட்டா. என்ன தாயி?"

அதுவரை குளவியை யாரும் தாயி என்று கூப்பிட்டதில்லை.

மேகத்துக்கு அந்தப் பக்கத்து நாட்டோடு சண்டை மூண்டது. நிறைகுளத்தானின் விமானத்தில் குண்டு பட்டுத் தீப்பிடித்தது. உள்ளே ஒரே புகை. வெல்வெட்டு ஓரத்தில் பொசுங்க ஆரம்பித்தது. அவன் கைப்பிடியைத் தேடித் துழாவினான். எங்கே தொட்டாலும் வெல்வெட்டு, எங்கே பார்த்தாலும் பச்சை. எதையோ பிடித்து இழுத்தான், குஞ்சம்தான் கையோடு வந்தது.

"இங்க இருக்கு சாமி, இங்க!" என்று குளவி அடியிலிருந்து கத்தினாள். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? கூட்டுக்குள் அவள் பிள்ளைகளுக்கு இன்னும் இறக்கை முளைக்கவில்லை. இருக்கை வெளியே போனால்தான் அவை பிழைக்கும், இவனும் பிழைப்பான். அவள் மட்டும் என்றால் கண்ணாடி விரிசல் வழியே தப்பிப் போயிருக்கலாம். போகவில்லை. நேரே வந்து கைப்பிடியின் மேல் உட்கார்ந்தாள்.

பக்கத்தில் குளவி வந்தால் யாருக்குத்தான் தெரியாமல் போகும்? அந்தப் புகையிலும் நிறைகுளத்தான் பார்த்துவிட்டான். பார்த்த வேகத்தில், எல்லாரையும்போல அவனும் கையை இழுத்துக்கொண்டான். அவள் ஏதோ கத்துவது தெரிந்து, காதில் விழுகிற அளவுக்குக் குனிந்தான்.

"கைப்பிடி எனக்கு அடியிலதான் இருக்கு. என்னையும் சேத்துப் பிடி சாமி!"

"நசுங்கிப் போவியே தாயி!"

"எம் புள்ளையெல்லாம் கூட்டுக்குள்ள இருக்கு. இழு!"

அழுதுகொண்டே பிடித்தான். இழுத்தான். இருக்கை வானத்தில் பாய்ந்தது, குடை விரிந்தது.

கரிசல் காட்டில் வந்து இறங்கியபோது கூடு அப்படியே இருந்தது. அவள் இல்லை. பச்சை உறையில் அவளுடைய மஞ்சளும் கறுப்பும் கோடு கோடாய் ஒட்டிக்கிடந்தன. ஓடிவந்து பார்த்த மயிலேறும்பெருமாள், "எந் துணிதானடே ஒங் கண்ண மறைச்சிருக்கு!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கூட்டில் கை படாமல், வெல்வெட்டையும் பஞ்சையும் குஞ்சத்தையும் பிய்த்து எறிந்தார். அந்தக் கோடுகளைக் கழுவ மட்டும் அவருக்கு மனம் வரவில்லை.

அன்று தொட்டுத்தான் போர் விமானத்தின் இருக்கை லேசில் தீப்பிடிக்காத முரட்டுத் துணியில், மங்கல் நிறத்தில் வருகிறது. கைப்பிடியில் மட்டும் மஞ்சளும் கறுப்புமாய்ப் பட்டை. வேறு எங்கே அந்த நிறத்தைக் கண்டாலும் கையை இழுத்துக்கொள்கிற மனிதன், உயிர் போகிற நேரத்தில் அங்கே மட்டும் கையை நீட்டுகிறான்.