மூன்று விரல் உயரம்

உதுமானுக்குத் தாடி நரைத்த பிறகுதான் படிக்கும் ஆசை வந்தது. காலமெல்லாம் நாகூர்க் கப்பல்களில் சுக்கான் பிடித்தவர். இடது என்றால் இடது, வலது என்றால் வலது. ஏன் என்று கேட்டதே இல்லை. கேட்காமலே செத்துப்போவோமோ என்று ஒருநாள் பயம் வந்துவிட்டது. நட்சத்திரம் பார்த்து வழி சொல்லும் மாலிமியார் மீரானிடம் போய் நின்றார். மீரானுக்கு அவருடைய மகன் வயதுதான்.

“எனக்கும் சொல்லிக் குடுங்க.”

“வாங்க நானா,” என்று அண்ணன் முறை வைத்து அழைத்தார் மீரான். அவர் சிரிக்கவில்லை. அந்த வேலையை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

முதல் பாடம் நாகூர்க் கரையில் நடந்தது. கையை நீட்டி, கடல் கோட்டின் மேல் விரல்களை அடுக்கி, துருவ நட்சத்திரம் எத்தனை விரல் உயரம் என்று பார்க்க வேண்டும். ஊரில் அது ஆறு விரல். மற்ற நட்சத்திரமெல்லாம் ராத்திரி முழுக்க ஊர் சுற்றும், இது ஒன்றுதான் நகராது. உதுமான் அதை மனதில் ஆணியடித்து வைத்துக்கொண்டார்.

சுமத்திராவிலிருந்து திரும்பும்போது மீரான் சொன்னார்: “இந்தத் தடவை வழி உங்களோடது. கேட்டா மட்டும் பதில் சொல்றேன்.”

புறப்பட்டதிலிருந்து புயலும் மேகமும். வானம் தெளிந்த அன்று, பொழுது சாய்ந்ததும் உதுமான் கையை நீட்டினார். மூன்று விரல். மறுபடி பார்த்தார். மூன்றேதான்.

“கிழவருக்குக் கை நடுங்குது,” என்றான் பாய் கட்டும் காசிம். “குடிதண்ணி அடியில கிடக்கு. காத்து தென்மேற்கே இழுக்குது. அப்படியே விடுங்க, எங்கேயாவது கரை வரும்.”

உதுமான் மீரானிடம் போனார். “நகராதுன்னு சொன்னீங்க. பாதிக்குப் பாதி இறங்கிடுச்சே.”

மீரான் அவரைப் பாய்மரத்தடிக்குக் கூட்டிப்போனார். உச்சியில் விளக்கு எரிந்தது. உதுமான் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார். பிறகு மீரான் அவர் கையைப் பிடித்துக் கப்பலின் பின்கோடிக்கு நடத்திப்போனார்.

“இப்பப் பாருங்க.”

விளக்கு தாழ்ந்து தெரிந்தது.

“யாரு இறக்குனா?” என்றார் மீரான்.

உதுமான் வடக்கே நட்சத்திரத்தை ஒருமுறை பார்த்தார். நேரே காசிமிடம் வந்தார். “வடக்கே திருப்பு.”

“எதிர்காத்து!”

“தெரியும். நட்சத்திரம் தாழ்ந்திருக்குன்னா நாம ஊருக்கு ரொம்பத் தெற்கே இருக்கோம். இங்கேருந்து மேற்கே போனா இலங்கையும் தப்பிடும். அப்புறம் வெறும் கடல்தான்.”

எல்லோரும் மீரானைப் பார்த்தார்கள். மீரான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் பாயைத் திருப்பினார்கள்.

காற்றோடு மல்லுக்கட்டினார்கள். தண்ணீரை நாக்கு நனையும் அளவுக்குக் குடித்தார்கள். உதுமானைத் திட்டாத வாய் இல்லை. நான்கு விரலானது, ஐந்தானது. ஒரு மாலை, ஆறு விரலும் கச்சிதமாகப் பொருந்தின. உதுமானுக்கு அழுகை வந்துவிட்டது. “இப்ப மேற்கே விடு,” என்றார்.

அதன்பின் ஒவ்வொரு மாலையும் அந்த ஆறு விரலை விடாமல் காத்துக்கொண்டு ஓடினார்கள். ஒரு விடியலில் எதிரே நாகூர் மினாராக்கள் எழுந்து நின்றன. கப்பல் முழுக்க ஒரே கூச்சல். காசிம் உதுமானைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியபடியே மீரானிடம் ஓடினான்.

“மாலிமியாரே, அந்த நட்சத்திரம் பழைய இடத்துக்கு ஏறி வந்து நம்மளக் காப்பாத்திடுச்சு!”

“என்கிட்ட ஏன் சொல்றே? மாலிமியார் உன் தோள்ல இருக்காரு,” என்றார் மீரான். “நட்சத்திரம் எங்கேயும் ஏறல. ஏறி வந்தது அவரு.”